சுவிட்சைப் போடாதீர்கள்: பழைய பிபிசி மைக்ரோவை வீட்டில் ஓட வைக்க ஒரு முழு வழிகாட்டி

காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய பிபிசி மைக்ரோ என் மேஜைக்கு வந்த அன்று, நான் செய்த முதல் காரியம் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டதுதான். ‘பூ... பீப்’ என்று சத்தம் வந்தது. டிவியில் எழுத்தும் வந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கு ஒன்று என்று பங்கு போட்டு உட்கார்ந்த மெஷின் இப்போது எனக்கே எனக்கு என்று தலைகால் புரியாமல் இருந்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்காது. இடப்பக்கத்திலிருந்து ‘பட்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே வெள்ளைப் புகை. அந்த நாற்றம் திரைச்சீலையை விட்டுப் போக மூன்று நாள் ஆனது. வேடிக்கை என்னவென்றால், புகை கக்கிக்கொண்டிருக்கும்போதும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஏன் அப்படி என்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: பரணிலிருந்தோ பழைய பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலிருந்தோ இந்த மெஷின் உங்கள் கைக்கு வந்தால், கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பவர் சப்ளை, அடுத்து போர்டு, அதன் பிறகுதான் சுவிட்ச். பழைய கம்ப்யூட்டர்கள் பல, கெட்டுப்போனதால் சாகவில்லை. அவசரக்காரர் கையில் சிக்கியதால் செத்தவை.

இது என்ன மெஷின்

இங்கிலாந்தில் பிபிசி தொலைக்காட்சி நடத்திய கணினி அறிவுத் திட்டத்துக்காக, கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர். மாடல் ஏ-வில் 16 கிலோபைட் நினைவகம், மாடல் பி-யில் 32. சுமார் 15 லட்சம் மெஷின்கள் விற்றன. வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். இதே இருவர்தான் பிறகு ஆர்ம் பிராசசரை உருவாக்கினார்கள். 1985-இல் வந்த முதல் ஆர்ம் சிப்பை ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு இது ஒரு வகையில் பாட்டன்.

நம் ஊருக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு. 1984-இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது இந்த மெஷின்தான். மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரித்தது. அதனால் இந்தியாவில் இன்றும் தேடினால் கிடைக்கிற பழைய மெஷின்களில் இது ஒன்று.

வீட்டில் வைத்துப் பராமரிக்க நான் இதையே சிபாரிசு செய்வேன். பழைய பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிட வலுவான காரணங்கள் உண்டு. இது 50 ஹெர்ட்ஸ் பிரிட்டிஷ் மின்சாரத்துக்குச் செய்தது, நம் வீட்டு மின்சாரமும் அதுவே. வீடியோ ‘பிஏஎல்’ என்ற ஒளிபரப்பு முறை, நம் டிவியும் அதுவே. அமெரிக்காவிலிருந்து வந்த ஆப்பிள், கமடோர் மெஷின்களுக்குப் பெரும்பாலும் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் தேட வேண்டியிருக்கும். அப்புறம், முக்கியமான சிப்புகளில் பல ஐசி பேஸில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சால்டர் தொடாமலே கழற்றிப் பார்க்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், நல்ல சால்டரிங் அயர்ன், டீசோல்டர் பம்ப், ஐபிஏ என்று கடையில் கேட்டால் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், பெயின்ட் பிரஷ், பென்சில் அழிப்பான், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. கூடவே கார் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று. எதற்கு என்று பிறகு தெரியும். டிவி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே சீரிஸ் போர்டு, மின்சார லைனில் தொடராக 100 வாட் குண்டு பல்பு போட்டது, அது கிடைத்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆசிலோஸ்கோப் வேண்டாமா என்று கேட்பார்கள். இருந்தால் நல்லது. இல்லாமலே நான் மூன்று மெஷின்களை எழுப்பியிருக்கிறேன்.

படி 1: பவர் சப்ளை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பெட்டியைத் திறக்க நான்கு திருகுகள். பின்னால் இரண்டு, அடியில் முன்பக்கம் இரண்டு. பக்கத்திலேயே ‘ஃபிக்ஸ்’ என்று எழுதியிருக்கும். மேல்மூடியைத் தூக்கினால் இடப்பக்கம் தனிப் பெட்டியாக இருப்பது பவர் சப்ளை. அதிலிருந்து போர்டுக்கு ஏழு ஒயர்கள் போகும்: சிவப்பு மூன்று, கருப்பு மூன்று, ஊதா ஒன்று. சிவப்பு 5 வோல்ட், கருப்பு பூஜ்யம், ஊதா மைனஸ் 5 வோல்ட். எதையும் கழற்றுமுன் போனில் நான்கு கோணத்தில் படம் எடுங்கள். ஊதாவைச் சிவப்பின் இடத்தில் மாட்டினால் போர்டில் எத்தனை சிப் மிஞ்சும் என்று சொல்ல முடியாது. ஒயரைப் பிடித்து இழுக்காமல், மூக்குக் குறடால் உலோகக் கவ்வியைப் பிடித்து மெல்ல ஆட்டி எடுங்கள்.

மிக ஆரம்பகால மெஷின்கள் சிலவற்றில் வேறு வகை, கறுப்பு நிற லீனியர் சப்ளை இருக்கும். உங்களுடையது அப்படியென்றால் கீழே சொல்லும் கெபாசிட்டர் வேலை பொருந்தாது. மற்றவை எல்லாம் ஸ்விட்ச் மோடு சப்ளைகள். அவற்றின் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். விளையாட்டில்லை. பிளக்கை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் போய் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து, மூடியைத் திறந்து, பெரிய கெபாசிட்டரின் இரு கால்களுக்கு இடையே மல்டிமீட்டரில் டிசி வோல்டேஜைப் பாருங்கள். மிச்சம் இருந்தால் அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை, இன்சுலேஷன் உள்ள கிளிப் ஒயரில் பிடித்து, பதினைந்து வினாடி இரு கால்களுக்கும் குறுக்கே வையுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து ‘டப்’ என்று ஷார்ட் பண்ணும் வீரமெல்லாம் வேண்டாம். மின்சார வேலையே புதிது என்றால் இந்தப் படியை மட்டும் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உள்ளே மின்சாரம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி தெரியும் உறையோடு இரண்டு கெபாசிட்டர்கள் இருக்கும். கூர்ந்து பார்த்தால் உறையில் சிலந்தி வலை போல விரிசல். என் வீட்டில் புகை கக்கியது இதுதான். உள்ளே இருப்பது உலோகப் பூச்சு கொண்ட காகிதம். உறை விரிசல் விட்டதும் காற்றின் ஈரத்தைக் காகிதம் குடிக்கிறது. வருஷக்கணக்கில் குடித்த பிறகு 230 வோல்ட்டைக் காட்டினால் சூடாகி வெடிக்கிறது. இவை வேலை செய்வது மின்சார லைனின் குறுக்கே, இரைச்சலை வடிகட்ட மட்டும். அதனால்தான் இவை எரிந்தாலும் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடுகிறது. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நாற்பது வருஷம் இருந்த ஒன்றுக்கு விரிசல் இல்லை என்றாலும் மாற்றிவிடுங்கள்.

ஒன்று 100 நானோஃபாரட், இன்னொன்று 10 நானோஃபாரட். வாங்கும்போது உடம்பில் ‘எக்ஸ்2’ என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். கடைக்காரர் “இதுவும் அதே வேல்யூதான் சார், 400 வோல்ட்” என்று சாதாரண பாலியஸ்டர் கெபாசிட்டரை நீட்டுவார். வாங்காதீர்கள். எக்ஸ்2 என்பது லைனின் குறுக்கே வைப்பதற்கென்றே சோதித்த பாதுகாப்பு ரகம், பழுதானாலும் தீப்பிடிக்காதபடி செய்தது. கால்களின் இடைவெளியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு காபி டிபன் செலவுதான்.

திறந்தது திறந்தாயிற்று, அதே போர்டில் இருக்கும் 220 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் எலக்ட்ரோலிடிக் ஒன்றையும் மாற்றிவிடுங்கள். அது காய்ந்துபோனால் சப்ளை கிளம்பவே கிளம்பாது. 105 டிகிரி ரகம் வாங்குங்கள். இதற்கு பிளஸ் மைனஸ் உண்டு, மாற்றி வைக்காதீர்கள். மற்ற எலக்ட்ரோலிடிக்குகள் உப்பாமல் கசியாமல் இருந்தால் கை வைக்காதீர்கள். எல்லாக் கெபாசிட்டரையும் மொத்தமாக மாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாற்பது வருஷப் போர்டில் ஒவ்வொரு முறை சால்டரை உருக்கும்போதும் ஒரு செம்புத் தடம் பெயர்ந்து வர வாய்ப்பிருக்கிறது.

இப்போது சோதனை, ஆனால் போர்டோடு அல்ல. ஸ்விட்ச் மோடு சப்ளைக்கு ஏதாவது சுமை இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குத்தான் அந்தக் கார் பல்பு. சிவப்புக்கும் கருப்புக்கும் இடையே மாட்டுங்கள். 5 வோல்ட்டில் அது மங்கலாக எரிந்து ஏறக்குறைய ஓர் ஆம்பியர் இழுக்கும். மூடியைப் போட்டுவிட்டு, சீரிஸ் போர்டு வழியாக மின்சாரம் கொடுங்கள். சீரிஸ் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். எல்லாம் சரியென்றால் நேரடி மின்சாரம் கொடுத்து அளந்து பாருங்கள். சிவப்பில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருக்க வேண்டும். ஊதாவில் மைனஸ் 5 பக்கம். அரை மணி நேரம் அப்படியே விட்டு மறுபடி அளந்து, அதே அளவு இருந்தால் இந்தப் படி முடிந்தது.

பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்திலிருந்து வந்த மெஷினில் தட்டைக் கால் பிளக் இருக்கும். அடாப்டரில் தொங்கவிடாமல் வெட்டிவிட்டு நம் மூன்று பின் பிளக்கைப் போடுங்கள்: பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். அந்த எர்த் நிஜமாகவே உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: போர்டைப் பார்ப்பது

கீபோர்டைப் பிடித்திருக்கும் போல்டுகளைக் கழற்றி, அதன் ரிப்பன் கேபிளை விடுவித்தால் முழு போர்டும் தெரியும். நம் ஊர் மெஷின்களில் தூசியைவிடப் பெரிய எதிரி கரப்பான், பல்லி, எறும்பு. கரப்பான் எச்சம் செம்பையே அரித்துவிடும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்து, கறை உள்ள இடத்தை ஐபிஏ தொட்ட டூத் பிரஷால் தேயுங்கள். தண்ணீரில் கழுவுகிற ஆட்களும் உண்டு, கழுவிய பிறகு மூன்று நாள் காயவிடும் பொறுமை இருந்தால் அதுவும் நடக்கும். எனக்கு இல்லை.

இனி பேஸில் இருக்கும் சிப்புகள். பழைய மெஷின் ‘செத்துவிட்டது’ என்று சொல்லும்போது பாதி நேரம் செத்தது சிப் அல்ல, காண்டாக்ட். வெள்ளிப் பூச்சு உள்ள கால்கள் கறுத்துப்போய்க் கரண்டை விடாது. ஒவ்வொன்றாக எடுங்கள், ஒன்றை மாட்டிய பிறகே அடுத்தது. எடுக்குமுன் படம். எதையாவது எர்த் ஆன உலோகத்தைத் தொட்டு உடம்பின் ஸ்டேட்டிக்கை இறக்குங்கள். சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவரை ஒரு முனையில் நுழைத்து ஒரு மயிரிழை தூக்கி, மறு முனைக்குப் போய் ஒரு மயிரிழை. ஒரே பக்கம் நெம்பினால் கால்கள் மடங்கும், நாற்பது வருஷக் கால் மடங்கினால் ஒடியும். கறுத்த கால்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐபிஏவால் துடைத்து, பழையபடி மாட்டுங்கள். உப்புத்தாள் கிட்டவே வரக்கூடாது.

முன்பக்கம் வலது மூலையில் வரிசையாக ஐந்து பேஸ்கள் இருக்கும். அவை ராம் (தற்காலிக நினைவகம்) அல்ல, ரோம் (நிரல் நிரந்தரமாகப் பதிந்த சிப்): ஒன்றில் இயங்கு தளம், மற்ற நான்கில் பேசிக் என்ற நிரல் மொழி, டிஸ்க் ரோம் போன்றவை. ஸ்டிக்கர் ஒட்டிய ஈப்ரோம் (அழித்து மறுபடி எழுதக்கூடிய ரோம்) இருந்தால் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அடியில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் பட்டால் நாளடைவில் அழிந்துபோகும்.

படி 3: இப்போது சுவிட்ச்

ஒயர்களைப் படத்தைப் பார்த்து மாட்டுங்கள், கீபோர்டையும் மாட்டுங்கள். டிவி இன்னும் வேண்டாம். முதலில் காது போதும்.

போட்டதும் தாழ்ந்த குரலில் ‘பூ’ என்று தொடங்கி, உடனே அறுந்து, ‘பீப்’ என்று உயர்ந்து நின்றால், மெஷின் உயிரோடு இருக்கிறது. கரண்ட் வந்ததும் 76489 என்ற சத்தச் சிப் தன்னிஷ்டத்துக்கு முனகத் தொடங்கும். பிராசசர் விழித்து, இயங்கு தளத்தைப் படித்து, 6522 என்ற சிப் வழியாக அதன் வாயை மூடிவிட்டுத் தானே ஒரு பீப் போடும். ஆக அந்த ஒரு பீப்புக்குள் பிராசசர், ரோம், 6522, சத்தச் சிப் எல்லாம் ஓரளவு சரி என்ற தகவல் அடங்கியிருக்கிறது. எந்த மருத்துவரும் இவ்வளவு சீக்கிரம் நாடி பார்த்ததில்லை.

‘பூ’ நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தால், பிராசசர் தன் வேலையைத் தொடங்கவில்லை அல்லது தொடங்கியும் சத்தச் சிப்பை எட்ட முடியவில்லை. வரிசையாகப் பாருங்கள்:

1. பிராசசரின் 8-வது காலில் வோல்டேஜ். சப்ளையில் 5.0 இருந்து இங்கே 4.8-க்குக் கீழே என்றால், ஒயர்க் கவ்விகள் தளர்ந்திருக்கின்றன. குறடால் லேசாக இறுக்குங்கள். நான் பார்த்ததில் அடிக்கடி வரும் கோளாறு இது.
2. 40-வது கால், ரீசெட். போட்ட சில கணத்தில் 5 வோல்ட் பக்கம் ஏறி நிற்க வேண்டும். கீழேயே கிடந்தால் பிராசசர் தூங்குகிறது, குற்றம் அதனுடையது அல்ல.
3. இயங்கு தள ரோம், பிராசசர் இரண்டையும் மறுபடி எடுத்து மாட்டுங்கள்.
4. கீபோர்டு ரிப்பன் கேபிள் ஒரு பின் தள்ளி மாட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், நான் ஒரு மாலை முழுவதும் இதில் தொலைத்திருக்கிறேன்.
5. மாடல் பி-யில் 6522 இரண்டு உண்டு. போர்டில் ஐசி 3 என்று குறித்த இடத்தில் இருப்பது இல்லாமல் மெஷின் எழாது. ஐசி 69 பிரிண்டருக்கும் யூசர் போர்ட்டுக்கும் மட்டும்தான், அது இல்லாமலே மெஷின் எழும். இரண்டும் பேஸில் இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். காசில்லாத சோதனை.

இத்தனைக்குப் பிறகும் ஊதினால், விரலால் சிப்புகளைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுடுவது எது? படத்தை உருவாக்கும் வீடியோ யுஎல்ஏ என்ற சிப் மட்டும் விதிவிலக்கு, அதன் பிறவிக்குணமே சூடு. அதனால்தான் அதன் தலையில் ஹீட் சிங்க் இருக்கும். விழுந்துவிட்டிருந்தால் புதிதாக ஒட்டுங்கள்.

சத்தமே வரவில்லை, ஆனால் கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா? கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஜி-யைத் தட்டுங்கள். பீப் வந்தால் படம் இல்லாமலே மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம்.

படி 4: படம்

பின்னால் மூன்று வழிகள். யுஎச்எஃப் ஆன்டெனா வழி, டிவியின் 36-வது சேனலில் வரும், தரம் சுமார். வட்டமான பிஎன்சி சாக்கெட்டில் காம்போசிட். இதற்கு நம் தெருமுனை சிசிடிவி கடையிலேயே பிஎன்சியிலிருந்து ஆர்சிஏவுக்கு மாற்றும் கனெக்டர் கிடைக்கும், அதை டிவியின் மஞ்சள் ஏவி சாக்கெட்டில் செருகலாம். கறுப்பு வெள்ளையாகத்தான் வரும், பயப்படாதீர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படி. பின்னால் வந்த போர்டுகளில் எஸ்39 என்ற இணைப்பை மூடினால் நிறம் வரும், ஆனால் 80 எழுத்து வரியில் கண் வலிக்கும். மூன்றாவது, ‘டின்’ என்ற வகை ஆறு கால் சாக்கெட்டில் ஆர்ஜிபி. இதுதான் சுத்தமான படம். இன்றைய எச்டிஎம்ஐ டிவிக்குக் கொண்டுபோக ‘ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ’ என்றே பெயருள்ள, ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியில் ஓடும் சிறு போர்டு இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஊசி முனை போல வரும். ஒரே ஒரு பொருளுக்குச் செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யுங்கள்.

திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’, அடுத்து ‘பேசிக்’, அதன் கீழே ஒரு அம்புக்குறி. இதுதான் வர வேண்டியது. மாடல் பி-யில் 32-க்குப் பதில் 16 என்று வந்தால், நினைவகத்தின் ஒரு பாதியில் கோளாறு. ‘லாங்குவேஜ்?’ என்று மெஷின் உங்களையே கேட்டால், பேசிக் ரோம் அதன் கண்ணில் படவில்லை, எடுத்து மாட்டுங்கள்.

பிறகு 0 முதல் 7 வரை ஒவ்வொரு மோடாக, அதாவது திரை வகையாக, மாற்றிப் பாருங்கள். மோடு 7-இன் எழுத்துகளை வரைவது 5050 என்ற தனி டெலிடெக்ஸ்ட் சிப். மோடு 7 மட்டும் அலங்கோலம், மற்றவை சரி என்றால் அதைப் பாருங்கள். மோடு 7 சரி, மற்றவை பொரிபொரியாக என்றால் சந்தேகம் வீடியோ யுஎல்ஏ மேல். படத்தில் ஒரே இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் மேலிருந்து கீழ்வரை வந்தால் ராம். 16 சிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் ஒரு பிட்டை மட்டும் சுமக்கிறது. ஒன்று போனால் ஒவ்வொரு பைட்டிலும் அதே இடத்தில் ஓட்டை. அதனால்தான் அந்தக் கோடு அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

படி 5: கீபோர்டு

ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்விட்சில் அழுக்கு. மூடியைக் கழற்றி, ஒரு சொட்டு ஐபிஏ விட்டு, ஐம்பது தடவை அழுத்துங்கள். மறுநாளும் வரவில்லை என்றால் தான் சால்டர். பல விசைகள் சேர்ந்து போனால் ஸ்விட்ச்சைத் தொடாதீர்கள். ரிப்பன் கேபிள், ட்ரை சால்டர் (சரியாகப் பிடிக்காத சால்டர் இணைப்பு), கீபோர்டில் இருக்கும் சிப்புகள் என்று போங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடவே கூடாது, ஆறு மாதத்தில் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும்.

மஞ்சளித்த பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். பலிக்கும், ஆனால் திட்டுத் திட்டாகவும் போகலாம், பிறகு மீண்டும் மஞ்சளிக்கவும் செய்யும். என்னுடையது பழுத்த நிறத்திலேயே இருக்கிறது.

பிரேக் விசை எஃப்9-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஏன் அங்கே வைத்தார்களோ! தெரியாமல் பட்டால் உங்கள் நிரல் போய்விட்டது போலத் தோன்றும். உடனே ‘ஓல்ட்’ என்று அடியுங்கள், திரும்ப வந்துவிடும். இடையில் புதிதாக ஒரு வரி அடித்துவிட்டால் வராது.

படி 6: எங்கே சேமிப்பது

கேசட்டிலேயே தொடங்கலாம். டேப் ரிக்கார்டர் இல்லை என்றால் போனின் ஹெட்போன் சத்தத்தை ஏழு கால் டின் கேபிள் வழியாகக் கொடுங்கள். ஒலியளவு முக்கால்வாசிக்கு மேல், போனின் ஈக்வலைசர் எல்லாம் அணைத்து. வினாடிக்கு 1200 பிட். ‘சர்ச்சிங்’, ‘லோடிங்’ என்று வந்து எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே டீ போட்டுக் குடித்துவிடலாம். ‘டேட்டா?’ அல்லது ‘பிளாக்?’ என்று வந்தால் ஒலியளவை மாற்றிவிட்டுச் சற்றுப் பின்னாலிருந்து போடுங்கள்.

தினமும் பயன்படுத்த எஸ்டி கார்டுதான் சரி. அடியில் உள்ள யூசர் போர்ட்டில் ஒரு சிறு அடாப்டர், காலி ரோம் பேஸில் ‘எம்எம்எஃப்எஸ்’ என்ற மென்பொருள் எழுதிய ஈப்ரோம், அவ்வளவுதான். ஒரே கோப்புக்குள் 511 டிஸ்க்குகள் அடங்கும். கார்டு 3.3 வோல்ட்டில் ஓடுவது, மெஷின் 5 வோல்ட். நீங்களே ஒயர் போட்டு நேராக இணைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே டிஸ்க் இணைப்பு உள்ள மெஷின் என்றால் ‘ஃப்ளாஷ்ஃப்ளாப்பி’ என்ற மென்பொருள் ஏற்றிய கோடெக் டிரைவ் (டிஸ்க் டிரைவுக்குப் பதிலாக வைக்கும் யுஎஸ்பி கருவி) ஒன்றும் நன்றாக வேலை செய்யும். டிஸ்க் கன்ட்ரோலராக இருக்கும் 8271 சிப்பைக் கண்ணாகக் காப்பாற்றுங்கள், அது அரிது. போய்விட்டால் 1770 சிப் கொண்ட மாற்றுப் போர்டுதான் வழி.

ஒரு சின்ன கணக்கு. டிஸ்க் இருந்தால் அதற்கென்று நினைவகத்தில் கொஞ்சம் இடம் போகும். மோடு 0-வின் படத்துக்கு 20 கிலோபைட். மிச்சம் உங்கள் நிரலுக்கு 5,888 பைட். அதற்குள் முழு விளையாட்டே எழுதினார்கள்.

பழைய ஐந்தேகால் அங்குல டிஸ்க்குகள் கிடைத்தால் டிரைவில் போடுமுன் வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சை. அதோடு போட்டால் ஹெட் கெடும், ஹெட் அடுத்த டிஸ்கையும் கெடுக்கும். பள்ளி மாணவர்கள் எழுதிய நிரல்கள் அவற்றில் இருந்தால் ‘கிரீஸ்வீசில்’ என்ற யுஎஸ்பி கருவியால் முதலில் நகலெடுங்கள், பிறகு மற்றது.

படி 7: வளர்ப்பு

முதல் நாள் ஓடியதும் பெட்டியை மூடாதீர்கள். மோடு 2-இல் திரை முழுக்க நிறம் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன சுழற்சி நிரலை எழுதி, இரண்டு மணி நேரம் ஓட விட்டு, பக்கத்திலேயே இருங்கள். சூடானால் மட்டும் வெளிப்படும் கோளாறுகள் இந்த நேரத்தில்தான் தலைகாட்டும்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டினால் போதும். ஈரம் போகும், எலக்ட்ரோலிடிக்குகளுக்கும் நல்லது. மழைக்காலத்தில் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பூச்சிக்குப் பயந்து நாப்தலின் உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். வேலை முடிந்ததும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், இடி மின்னலுக்கு சுவிட்ச் ஒரு தடையே அல்ல. ஆன் செய்து வைத்துவிட்டு வெளியே போவது என் வீட்டில் தடை செய்யப்பட்ட குற்றம். அந்தப் புகை நாளுக்குப் பிறகு வீட்டம்மா போட்ட சட்டம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, எதைத் தொட்டேன், முன்பு எத்தனை வோல்ட், பின்பு எத்தனை. ஆறு மாதம் கழித்து அதே கோளாறு வரும்போது மறந்திருப்பீர்கள்.

மாற்றுச் சிப்புகளில் 6522 இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. வெஸ்டர்ன் டிசைன் சென்டர் தயாரிப்பில் ‘என்’ என்ற முடிவெழுத்து உள்ளதை வாங்குங்கள். ‘எஸ்’ ரகத்தின் இன்டரப்ட் கால் வேறு விதமாக வேலை செய்கிறது, ஒரே கம்பியைப் பல சிப்புகள் பகிர்ந்துகொள்ளும் இந்தப் போர்டில் அது மற்றவற்றோடு மோதும். சாதாரண 74 வரிசைச் சிப்புகள் ரிச்சி தெருவில் தேடினால் அகப்படும். வீடியோ யுஎல்ஏ மட்டும் ஏகார்னுக்கென்றே செய்தது, எந்தக் கடையிலும் கேட்க முடியாது. அதனால் காயலான் கடையில் உடைந்த பெட்டியும் கீபோர்டு இல்லாத போர்டுமாக ஒன்று கிடந்தால், ஓடாது என்று தெரிந்தாலும் பேரம் பேசாமல் எடுத்து வந்துவிடுங்கள். என் பரணில் அப்படி இரண்டு இருக்கின்றன.